ஒற்றைக் கொம்புக் கோட்டை

முதல் நாள் இருந்தவர்கள் மூவர். ஜன்னலை ஒட்டிய மேசைக்கு முன்னால், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வியாகுலம். அவர் மனைவி ஐவி, அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே போட்ட பலகையில். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, அரிசி பார்க்கிற சாக்கில் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐவியின் தம்பி மகள் ஷெரோமி, கட்டிலின் ஓரத்தில், மடிக்கணினியை முழங்காலில் ஏந்தியபடி. ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. கலியாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மலை மலையாகக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுப்பதில் பெயர் வாங்கியவள். அன்று காலை மூன்று பேரில் இருவர் வட்டவளைக்கு மேலே கோட்டைப் பங்களாவுக்குப் போய் வந்திருந்தார்கள். யாரோ ஒரு ஸ்கொத்லாந்துத் துரை, தன் ஊர்க் கோட்டையை நினைத்து ஏங்கிக் கருங்கல்லால் கட்டிக்கொண்ட பங்களா அது, இப்போது ஹோட்டல். எடுத்த படம் திரையில் இருந்தது. பேச்சு பாதியில் இருந்தது.

— அந்தக் கீறல எடுத்துரு மகள்.

— மாமா, கீறல்தான் பழைய படம்ங்கிற ஃபீலிங்கக் குடுக்குது. இல்லாட்டி இன்னைக்கு எடுத்ததுன்னு தெரிஞ்சிரும்.

— இன்னைக்கு எடுத்ததுதானே?

— அப்பக் கலரையும் அப்பிடியே விட்டுரவா?

— கலர் வேணாம். ஹோட்டல்காரன் போட்ட கலர் படத்தத்தான் ஆரோக்கியம் அவன் அம்மாவுக்குப் போன்ல காட்டினான். நீச்சல் குளமும் குடையுமா இருந்துச்சாம். அக்கா கையத் தட்டிவிட்டுருச்சு. நான் சொல்றது என்னன்னா, முதலாவது, நெறம் பழசா இருக்கணும். ரெண்டாவது, படம் முழுசா இருக்கணும். பொறந்த அன்னைக்கே புள்ளைக்குத் தழும்பு போட்டு அனுப்புவாங்களா?

— தேத்தண்ணியில முக்கி எடுத்த மாதிரி இருக்கு. அதுல கீறல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

— அத்த, இந்த நெறத்தத்தான் கொழும்புலருந்து ஜோடி ஜோடியா வந்து கேக்கிறாங்க. மாப்பிள்ளைக்குத் தொர மாதிரி கோட்டு, பொண்ணுக்குத் தொரசாணி மாதிரி தொப்பி. கோட்டை முன்னால நிப்பாட்டி எடுத்தா, தாத்தா பாட்டி படம் மாதிரி இருக்கணுமாம்.

— அவங்க தாத்தா பாட்டி எங்க நின்னாங்களோ.

— சரி மாமா, கீறல எடுத்துட்டேன். இப்பப் பாருங்க.

— ம். ஓரத்துல என்ன அது, வெள்ளையா?

— புதுசாக் கட்டின பக்கம். பனி வந்து மூடட்டும்னுதானே அவ்வளவு நேரம் வெறைச்சுப்போயி நின்னோம்? பனி மூடாம விட்ட துண்டு. அழிச்சிர்றேன்.

— அழிக்கிறது பொய் இல்லையா?

— குடையெல்லாம் மடக்கச் சொன்னது யாரு? வேனத் தள்ளி நிப்பாட்டச் சொன்னது யாரு? ஹோட்டல் போர்டு மேல சாக்கப் போட்டது யாரு? நீங்கதான் மாமா.

— அது மறைக்கிறது. இது அழிக்கிறது. ரெண்டும் ஒண்ணில்ல.

— இவர்கிட்ட நாயம் பேசி நீ பஸ்ஸ விட்டுறாத. முப்பது வருசமா நான் பேசிப் பாத்துட்டேன்.

— அத்த, மாமா செருப்பக் கழட்டின கதைய உங்ககிட்டச் சொன்னாரா?

— எந்தச் செருப்பு? எங்க கழட்டினாரு?

— முன் வாசல்ல. நான் கேமராவ ஸ்டாண்ட்ல போட்டுட்டுத் திரும்பிப் பாக்கிறேன், செருப்பு ரெண்டும் புல்லுல கெடக்கு. இவரு வெறுங்காலோட படியில ஏறிக்கிட்டு இருக்காரு. மனேஜர் ஓடியாந்து, சேர், செருப்போட வாங்க சேர்னு கெஞ்சுறாரு.

— பூசைக்குப் போறதா நெனச்சிட்டாரு.

— படி ஈரமா இருந்துச்சு. வழுக்கும்னு கழட்டினேன்.

— ஆமா, ஈரத்துல வெறுங்காலு வழுக்காது.

— ரெண்டு பேரும் சிரிச்சு முடிங்க. நான் அக்காவப் பத்திப் பேசணும்.

— சொல்லுங்க. நான் கண்ணால காணாத மதினி. இதப் பாத்தா அவங்களுக்கு நெனப்பு வந்துருமா?

— வரணும். பெத்த மகன் ஆரோக்கியத்தையே யாருப்பா நீன்னு கேக்குதாம். சோறு தின்னத மறக்குது, தன் பேர மறக்குது. ஆனா வெளிச்சம் மங்கினா மட்டும் கோட்டை, கோட்டைன்னு சொல்லிக்கிட்டு வாசலுக்கு ஓடுதாம். மழையின்னாலும் வெளிய போயி நிக்குதாம். கோத்தகிரியில அவன் கோட்டைக்கு எங்க போவான்?

— போன மாசம் நீங்களும் பேசினீங்களே மாமா?

— பேசினேன். வியாகுலம் பேசுறேன்க்கான்னேன். எந்த வியாகுலம்னு கேட்டுச்சு. ஒன் தம்பின்னேன். என் தம்பி சின்னப் பய, ஒங்க கொரல் பெரிய ஆள் கொரலா இருக்கு, வைங்கன்னு வச்சிருச்சு.

— அன்னைக்குப் பூராவும் இவரு அந்தப் போனக் கையிலயே வச்சிக்கிட்டுத் திரிஞ்சாரு.

— நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல ஐவி. கோட்டையத் தெரிஞ்சிக்கிட்டா, கோட்டைக்குக் கீழ இருந்த என்னையும் தெரியும். ஒரே ஒரு தடவ வியாகுலம்னு கூப்புட்டாப் போதும்.

— அவங்க எந்த வருசம் போனாங்க?

— எழுபத்தாறு. எனக்கு ஏழு வயசு. அத்தான் வீட்டுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்துச்சு, எங்க அப்பாவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை வந்துச்சு. கலியாணம் முடிச்சுக் குடுத்த புள்ளைய என்ன செய்ய ஏலும்? லொறியில ஹட்டன் டேசன், அங்கருந்து ரயில் கோச்சியில தலைமன்னார், பொறவு கப்பல். அம்மாவக் கேட்டா, கடல்ல போட்ட மாதிரின்னு சொல்லும்.

— டேசனுக்கு நீங்களும் போனீங்களா?

— இல்ல. நான் வீட்டுலதான் இருந்தேன். சரி, படத்த ஆரோக்கியத்துக்கு அனுப்பு. போன்ல காட்ட வேணாம், அங்க ஸ்டூடியோவுல தடிச்ச காயிதத்துல போட்டு, அக்கா கையில குடுக்கச் சொல்லு. ஓரத்துல வெள்ளக் கர வரட்டும்.

— வரும் மாமா. அந்த மனேஜர் இதே படத்த வரவேற்பறையில மாட்டக் கேட்டாரு தெரியுமா? நான் எடுத்ததுலயே இதான் நல்ல படம்.

— நல்ல படம்தான். கோட்டையோட மொகம் முழுசா விழுந்திருக்கு.

இரண்டாம் நாளும் அதே மூவர்தான், இடங்கள் மாறியிருந்தன. வியாகுலம் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருடைய நாற்காலியில் ஐவி. ஷெரோமி பலகையில் குந்தியிருந்தாள். அன்று அவள் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. முதல் நாள் இரவே ஆரோக்கியத்தின் குரல் பதிவு போனில் வந்து சேர்ந்திருந்தது. அம்மா படத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, அடுத்த வீட்டுச் சாமானைத் திருப்பிக் கொடுப்பது போலப் பக்குவமாகக் கட்டிலில் வைத்துவிட்டாளாம். இது எந்தத் துரையுடைய வீடு என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு ஒரு விரலை நீட்டி ஒண்ணு, ஒண்ணு என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அம்மாவுக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை மாமா, நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று முடித்திருந்தான். வியாகுலம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, போனை ஐவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தவர்தான்.

— சோறு ஆறிப் போச்சு. எந்திரிங்க சுகந்தன் அப்பா.

— பசியில்ல.

— மாமா, படத்துல ஏதாச்சும் பிழை இருந்தாச் சொல்லுங்க. நான் வேற மாதிரிச் செஞ்சு பாக்கிறேன். நெறம் கூடிருச்சா?

— ஒன் படத்துல பிழை இல்ல மகள். அச்சு அசலாக் கோட்டை. முன் வாசல், வட்டமா வர்ற ரோட்டு, ரெண்டு கொம்பு, எல்லாம் இருக்கு.

— கொம்பா?

— மேல ரெண்டு கோபுரம் இருக்குல்ல, அதத்தான் கொம்புன்னு சொல்லுவோம். கொம்பு மறைஞ்சிருச்சு, மழ வரப்போவுது, கொழுந்த மூடுங்கன்னு கங்காணி மலையிலருந்து கத்துவாரு.

— நான் ஒண்ணு கேக்கிறேன், கோவிக்காமச் சொல்லுங்க. அந்த முன் வாசல நீங்க மொதமொதல்ல எப்பப் பாத்தீங்க?

— ஹோட்டலாக்கின பொறவு.

— அதுக்கு முன்ன?

— அதுக்கு முன்ன எப்பிடி? முன் ரோட்டுல நம்மாளு கால் வைக்க ஏலுமா? வாச்சர் நாய அவுத்து விட்டுருவான். பங்களாவுல வேல செய்யிறவங்களே பின் பக்கத்துக் குறுக்குப் பாதையிலதான் போகணும். அதுலயும் குடைய மடக்கிரணும், மழ பேஞ்சாலும்.

— அப்ப மதினி அந்த வாசல எப்பப் பாத்தாங்க?

— அக்காவா?

— ம். எழுபத்தாறுல போனவங்க.

— பாத்ததில்ல.

— பாக்காத வாசலக் காட்டிட்டு, தெரியலன்னு சொன்னாங்கன்னு நீங்க செவத்தப் பாத்துக் கெடக்கிறீங்க. அவங்க நாயமாத்தான் கேட்டிருக்காங்க, எந்தத் தொர வீடுன்னு.

— பொறு ஐவி. பொறு. நாங்க குடியிருந்த லயத்து வாசல்லருந்து பாத்தா...

— என்ன மாமா? ஏன் எந்திரிச்சிட்டீங்க?

— லயத்து வாசல்லருந்து பாத்தா ஒரு கொம்புதான் தெரியும். மத்தது அதுக்கு நேர் பின்னால ஒளிஞ்சிக்கும். ரெண்டாவது ஒண்ணு இருக்குன்னே எனக்குப் பள்ளிக்கூடம் போன பொறவுதான் தெரியும். எங்க லயத்துக்குக் கோட்டைன்னா ஒத்தக் கொம்புதான்.

— ஒண்ணு, ஒண்ணுன்னு...

— அதத்தான் சொல்லியிருக்கு. புத்தி போனது அக்காவுக்கு இல்ல, எனக்கு. சின்னதுலருந்து அந்த முன் வாசல்ல ஒரு நாளாச்சும் நிக்கணும்னு இருந்த ஆசையில, யாருக்காகப் படம் எடுக்கிறோம்கிறதையே விட்டுட்டேன்.

— அதான் செருப்பையும் விட்டுட்டு ஏறினீங்க.

— நீ சோத்தப் போடு ஐவி.

மறுநாள் விடியற்காலையில் வியாகுலமும் ஷெரோமியும் பின் பக்கத்துக் குறுக்குப் பாதையால் ஏறினார்கள். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தை இடித்துப் பல வருடமாகிவிட்டது. அந்த இடத்தில் ஹோட்டலுக்குக் கரட்டும் லீக்ஸும் என்று காய்கறி நட்டிருந்தார்கள். காவல்காரர் வந்து, விருந்தாளிகள் முன் பக்கம்தான் போக வேண்டும் என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். வியாகுலமும் சிங்களத்தில், தாங்கள் விருந்தாளிகள் இல்லை, இந்த வீட்டுக்காரர்கள் என்று பணிவாகச் சொன்னார். எந்த வீடு என்று காவல்காரர் கேட்கவில்லை; கரட்டை மிதிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க வியாகுலத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. பாத்திகளின் நடுவே இடமும் வலமுமாக நகர்ந்து, ஒரு கொம்பு இன்னொரு கொம்புக்குப் பின்னால் முழுதாக மறையும் இடத்தில் நின்றார். பிறகு நிற்பதும் சரியில்லை என்று, வாசற்படி உயரத்துக்கு ஷெரோமியைக் கீழே உட்காரச் சொன்னார். அந்தப் படத்தில் ஆள் இல்லை, வாசல் இல்லை. பனிக்குள் தேயிலை, அதற்கு மேலே ஒற்றைக் கொம்பு.

மூன்றாம் முறை கூடியபோது முதலில் இருவர்தான். ஐவி அடுப்பங்கரையில், அடுப்புக்கு முன்னால். ஷெரோமி உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

— மாமா எங்க அத்த?

— பீலித் தண்ணியில குளிக்கப் போயிருக்காரு. என்ன, பஸ்லருந்து எறங்கி ஓடியாந்தியா? மொகம் ஏன் இப்பிடி இருக்கு?

— ஆரோக்கியம் அண்ணன் எனக்குப் பேசினாங்க. மாமாவுக்கு நேரா பேச ஏலலயாம். அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு அத்த.

— மதினிக்கா?

— படத்தக் கையில குடுத்ததும் மடியில வச்சிக்கிட்டாங்களாம். ஒத்தக் கொம்புன்னாங்களாம். வியாகுலம்னு பேரும் சொல்லியிருக்காங்க.

— மாதாவே. இதுக்கா நீ எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிற? அவரு இதுக்குத்தானே தவங் கெடந்தாரு?

— கேளுங்க. அதுக்குப் பொறவு அழ ஆரம்பிச்சவங்க இன்னும் நிப்பாட்டலயாம். வியாகுலம் இன்னும் வெளிய ஒக்காந்திருக்கான், பனி கொட்டுது, யாராச்சும் போயிப் புள்ளைய உள்ள கூப்புடுங்கன்னு. அந்த அண்ணன் படத்த ஒளிச்சு வச்சும் பாத்துட்டாராம்.

— படத்துலதான் யாருமே இல்லையே?

— இல்லத்தான். ஆனா வாசப்படியில ஒக்காந்து பாத்தாத்தான் கொம்பு அப்பிடித் தெரியும். அது அவங்களுக்குத் தெரியுது. அப்பிடித் தெரியுதுன்னா, படியில அவன் ஒக்காந்திருக்கான்னு அர்த்தம். கேமரா வச்ச எடத்துல அவங்க மாமாவப் பாக்கிறாங்க அத்த.

— யாரு என்னையப் பாக்கிறா?

— வந்துட்டீங்களா. தலையத் தொடைங்க மொதல்ல. ஷெரோமி, நீயே சொல்லு. ஒண்ணையும் மறைக்காத.

அவள் மறைக்காமல் சொன்னாள். வியாகுலம் துண்டைத் தலையில் வைத்தபடியே கேட்டார். துடைக்க மறந்து போனார். பேர் சொன்னாள் என்ற இடத்தில் அவர் முகம் சின்னப் பிள்ளையுடையதைப் போல ஆகிவிட்டது. மிச்சத்தைக் கேட்டபோதும் அது மாறவில்லை.

— மாமா, அவங்க போன அன்னைக்கு என்ன நடந்துச்சு?

— அத நான் யாருக்கும் சொன்னதில்ல. சொல்லக் கூடாதுன்னு இல்ல, சொல்ல அதுல ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். லொறியில சாமான் ஏத்தியாச்சு. எல்லாரும் ஏறியாச்சு. நான் அக்கா சேலையப் புடிச்சவன் விடல. அப்பா இழுத்துப் பாத்தாரு, அத்தான் இழுத்துப் பாத்தாரு, சேலைதான் கிழியுது. கடைசியில அக்கா குனிஞ்சு என் காதுல சொல்லுச்சு. தம்பி, நீ இந்தப் படியிலயே ஒக்காந்து கொம்பப் பாத்துக்கிட்டு இரு, கொம்புல வெளக்கு எரியிறதுக்குள்ள அக்கா வந்துருவேன்னு.

— நீங்க விட்டுட்டீங்க.

— விட்டுட்டேன். ஒக்காந்தேன். வெளக்கு எரிஞ்சிச்சு. அம்மா வந்து தூக்கிக்கிட்டுப் போயி உள்ள போட்டுச்சு. மறுநாளும் போயி ஒக்காந்தேன். நாளைக்கு எரியிறதுக்குள்ள வந்துரும்னு. எத்தன நாள்னு தெரியல. பொறவு பள்ளிக்கூடம், பொறவு தேயில ஸ்டோர்ல வேல, பொறவு நீ.

— கோவம் இருந்துச்சா?

— எதுக்குக் கோவம்? நான் விடாட்டிக் கோச்சி போயிருக்கும், பாஸ்போர்ட் தேதி போயிருக்கும். வேற எப்பிடித்தான் ஒரு புள்ளையப் பிச்சிட்டுப் போறது? நான் அத எப்பவோ மறந்துட்டேன் ஐவி. எல்லாத்தையும் மறந்த அக்கா அத மட்டும் மறக்கல.

— அப்ப அவங்க வெளிச்சம் மங்கினா வாசலுக்கு ஓடுறது கோட்டையப் பாக்க இல்ல.

— இல்ல.

— ஒங்களக் கூப்புடத்தான்.

— ஆமா. ஷெரோமி, கேமரா கொண்டாந்திருக்கியா?

— இருக்கு மாமா. திரும்பவும் மேல போகணுமா?

— கோட்டை போதும். பின்னால வெறகுக் கொட்டில்ல ஒரு கதவு இருக்கு பாரு, அது எங்க லயத்துக் கதவு. இடிச்சப்போ நான்தான் தூக்கியாந்து மாட்டினேன். அக்கா வளந்த உசரத்த ஆணியால கீறி வச்ச கோடு இன்னும் இருக்கு. அந்தக் கதவ வெளியருந்து எடு. மூடின கதவா இருக்கணும். முன்னால படி மாதிரி ஒரு கல்லப் போட்டுக்குவோம். கல்லுல யாரும் இருக்கக் கூடாது. இடுக்குல வெளிச்சம் தெரியணும்.

— அதே பழைய நெறத்துலயா?

— அதே தேத்தண்ணி நெறம். ஐவி, சிமினி லாம்பப் பத்த வையி.

— லாம்ப எங்க வைக்கிறீங்க? எல்லாம் காஞ்ச வெறகு, கொட்டிலோட போயிரும்.

— நான் கையில புடிச்சிக்கிறேன். நான் உள்ளதான் இருக்கப் போறேன்.

— எதுக்கு மாமா? கதவ மூடினா நீங்க உள்ள இருக்கிறது படத்துல விழாதே.

— விழ வேணாம். நான் இருக்கணும். இல்லாட்டி அக்காவுக்கு நான் எழுதப் போறது பொய்யாயிரும்.

— இந்த மனுசன் பூரானோட ஒக்காந்தாவது உண்மையத்தான் எழுதுவாரு. குனிஞ்சு போங்க, மேல கம்பி இருக்கு.

— மூடு ஐவி.

— மூடிட்டேன். மகள், வெரசா எடு.

— அத்த, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒங்க நெழல் கல்லு மேல விழுது. மாமா, லாம்ப எடது பக்கமாக் கொண்டு வாங்க. இன்னும். ஆ, அங்கதான். அசையாதீங்க. எடுத்தாச்சு, வெளிய வாங்க.

— சுகந்தன் அப்பா, முடிஞ்சிருச்சு.

— அத்த, வெளிச்சம் ஆடுது. உள்ள என்னமோ...

— இருக்கட்டும். அவரா வரட்டும். நீ கேமராவ மூடிக்கிட்டு இங்கிட்டு வா.

படத்தை ஷெரோமி ஹட்டனில் தடித்த காகிதத்தில் போட்டுக்கொண்டு வந்த அன்று வியாகுலம் மேசைக்கு முன்னால் இருந்தார். ஐவி அவருக்கு எதிரே, கையில் சோற்றுப் பருக்கையோடு. கடித உறையின் பசையை அவள் நம்புவதில்லை. ஷெரோமி வாசலில், பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி. வியாகுலம் தன் வழக்கப்படி தேதியும் ஊரும் போட்டு, அன்புள்ள அக்காவுக்கு என்று தொடங்கி, இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதி, கிழித்தார். மகன் சுகந்தன் கத்தாரில் இருப்பதை எழுதி, அதையும் கிழித்தார். கடைசியில் பெரிய எழுத்தில், கண் மங்கியவர்களும் படிக்கிற மாதிரி, என்னவோ சிறியதாக எழுதி, படத்தோடு சேர்த்து மடித்து உள்ளே வைத்தார்.

— இந்தாங்க, நல்லா அழுத்துங்க. மூலை தூக்குது.

— ஒட்டியாச்சு.

— மாமா, பஸ் வளைவுல வந்துருச்சு. குடுங்க.

— பதிவுத் தபால்ல போடு மகள். ரசீத வாங்கிக்க.

— சரி மாமா. அத்த, வாறேன்.

— பாத்துப் போ. சுகந்தன் அப்பா, அவ ஏறிட்டா. இப்பவாச்சும் சொல்லுங்க, அவ்வளவு காயிதத்தக் கிழிச்சுக் கடைசியில என்னதான் எழுதினீங்க?

— அக்கா, நான் உள்ள வந்துட்டேன். நீயும் உள்ள வான்னு.